சுவரைத் திருத்திய வரலாறு

வெளிச்சம் நேர்கோட்டில் செல்லும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறில்லை. எங்கள் அலுவலகத்துக்குள் வரும்வரை அது அப்படித்தான் சென்றுகொண்டிருந்தது. வந்த பிறகு, எங்கள் இயக்குநர் சொன்ன கோட்டில் சென்றது. உலகம் முழுவதும் விளக்கைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் சுவரைத் திருத்தி வெற்றி கண்ட ஒரே வாகனச் சோதனை நிலையம் எங்களுடையது. இதற்காக அடுத்த மாதம் எங்களுக்குச் ‘சாலைப் பாதுகாப்புப் புத்தாக்க’ விருது தரப்படுகிறது. விருதையொட்டி வெளியாகும் சிறப்பு மலருக்கு இந்தச் சாதனையின் வரலாற்றை எழுதும் பேறு, தலைமை எழுத்தராகிய எனக்குக் கிடைத்தது.

“நாலு பக்கம் எழுதுங்கம்மா. உண்மையா இருக்கணும். ஆனா நல்லா இருக்கணும்,” என்றார் இயக்குநர்.

முதல் நிபந்தனையை நிறைவேற்ற என்னால் ஆனதைச் செய்திருக்கிறேன்.

வரலாறு ஒரு காரோடு தொடங்குகிறது. இயக்குநர் சாலைப் பாதுகாப்புப் பயிற்சிக்காக மூன்று மாதம் வெளிநாடு போயிருந்தார். திரும்பும்போது ஒரு சான்றிதழும் ஒரு காரும் கொண்டுவந்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். காரை மாட்ட முடியாததால் ஓட்டினார்.

அந்த நாட்டில் எல்லோரும் சாலையின் வலப்பக்கம் போகிறவர்கள். நாம் இடப்பக்கம். ஆகவே அந்தக் காரில் ஸ்டியரிங் இடப்புறம் இருந்தது. எங்கள் வாயிற்காவலர் ஒரு வாரம், பழக்கதோஷத்தில், வலது சன்னல் பக்கம் நின்று காலி இருக்கைக்கு சல்யூட் அடித்தார். காலி இருக்கையும் மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

ஸ்டியரிங் போகட்டும். விளக்குக்கு வருகிறேன். முன்விளக்கைத் தாழ்த்திப் போட்டால் வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழாது. நம் வண்டிகளில் அது இடது ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். ஓரமாக நடந்து போகிறவர் தெரிய வேண்டும். வலது பக்கம் தாழ்ந்து போகும். எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது. இயக்குநரின் கார் பிறந்த நாட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே வலது பக்கம்தான் ஏறும். இங்கே நமக்கு வலது பக்கத்தில் இருப்பவர் யார்? எதிரே வருகிறவர்.

எதிரே வந்தவர் என் அண்ணன்.

அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு வேன். ஊருக்கு வெளியே உள்ள சலவைக்கூடத்திலிருந்து துவைத்த படுக்கை விரிப்புகளை மருத்துவமனைக்கு ஏற்றி வருவார். தினமும் ஆறே முக்காலுக்கு, இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், கால்வாய்ச் சாலையில் இருப்பார். இயக்குநர் வீடு திரும்புவதும் அதே சாலை, அதே நேரம், எதிர்த்திசை.

முதல் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஈரத் துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் குடும்பத்தோடுதான் இருக்கிறேன்.

“என்னண்ணே?”

“ஒரு கார் எதிர வந்துச்சும்மா. வெளிச்சம் கண்ணு வழியா உள்ள பூந்து, மூளையில ஏதாச்சும் இருக்கான்னு தேடிப் பாத்துட்டுப் போச்சு.”

“இருந்துச்சாமா?” என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

“ஒண்ணும் கெடைக்கல போல. நிக்காமப் போயிட்டான்.”

“வேன் எங்க நின்னுச்சு?” என்றேன்.

“கால்வாய்க்கு ஒரு சாண் இந்தப் பக்கம்.”

அண்ணி கரண்டியோடு வெளியே வந்தார். “ஒரு சாணா? ஓட்டினவன் மூஞ்சியப் பாத்தீங்களா?”

“பக்கத்துல கடக்கறப்ப பாத்தேன். ஓட்டற எடத்துல ஆளே இல்ல. காலி சீட்டு.”

காலி இருக்கை என்றதும் எனக்குக் கார் யாருடையது என்று விளங்கிவிட்டது.

“நாத்தனாரே, வெளக்கு செக் பண்றதுதானே உங்க ஆபீஸ் வேலை? நாளைக்கே சொல்லிடுங்க,” என்றார் அண்ணி.

சொன்னேன். எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னேன் என்பதை எழுத நான்கு பக்கத்தில் இடமில்லை.

எங்கள் நிலையத்தில் விளக்கு மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடமாக விளக்குகளோடு பழகியவர். எல்லோரும் ‘பல்பு’ என்றுதான் கூப்பிடுவோம். அவரைக் கூப்பிட்டனுப்பினார் இயக்குநர். பல்பு கையோடு இரண்டு கறுப்பு ஒட்டுகளை வெட்டிக்கொண்டு வந்தார்.

“முக்கோணமா, கட்டைவிரல் அகலம்தான் சார். வெளக்குக்கு ஒண்ணு. கண்ணாடியில சரியான எடம் பாத்து ஒட்டிட்டா மேல ஏறுற வெளிச்சத்த மட்டும் மறைச்சிடும். ரெண்டு நிமிஷ வேலை.”

இயக்குநர் அந்த முக்கோணங்களை வெகுநேரம் பார்த்தார்.

“இத என் கார் மூஞ்சில ஒட்டப் போறீங்க.”

“வெளக்குல சார்.”

“மரு ஒட்டி மாறுவேஷம் போட்ட திருடன் மாதிரி நான் ஊருக்குள்ள போகணும்.”

“தூரத்துலேர்ந்து தெரியாது சார்.”

“எனக்குத் தெரியுமே! யாரு புகார் குடுத்தது?”

“எதிர்ல வந்தவர் சார்,” என்றேன்.

“எதிர்ல வந்தவர் பேச்ச எப்படிம்மா நம்பறது? அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலன்றீங்களே!”

நிர்வாகத் திறமை என்பது இதுதான். பல்பு ஒட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் எங்கள் இயக்குநர் புகாரை அலட்சியம் செய்கிறவர் அல்ல. முறையான சோதனைக்கு உத்தரவிட்டார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு நிலையத்தின் முற்றத்தில், வெட்டவெளியில், காரை நிறுத்தினோம். ஒன்பது அலுவலர்கள் காருக்கு எதிரே வரிசையாக நின்றோம். விளக்கு போடப்பட்டது. கண் கூசுகிறதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக் கையெழுத்து வாங்கப்பட்டது. காசாளர் மட்டும் கூசுகிறது என்றார். விசாரித்ததில் அது சூரியன் என்று தெரியவந்தது. சூரியன் எங்கள் நிலையத்தில் பதிவு செய்யப்பட்ட வாகனம் அல்லவென்பதால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது.

“சார், வெளக்க இருட்டுல பாத்தாதான்…” என்று இழுத்தார் பல்பு.

“ஆபீஸ் நேரம் பத்துலேர்ந்து அஞ்சு. இருட்டு அதுக்கப்புறம்தான் வருவேன்னா, அது இருட்டோட தப்பு.”

அண்ணன் இந்த முறை மனுவாகவே எழுதிக் கொடுத்தார். ‘இப்போது கால்வாய்க்கு அரைச் சாண்’ என்று எழுதியிருந்தார். மனுவை நான்தான் வாங்கி எண் போட்டேன். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அலுவலக ரகசியம்.

இரண்டாவது சோதனை கொட்டகையில் நடந்தது. நாலா பக்கமும் தார்ப்பாய் கட்டி, ஓட்டை வழியே வந்த வெயிலையும் அட்டையால் அடைத்து, அரசு நேரத்திலேயே இருட்டை வரவழைத்தோம். கொட்டகையின் கோடியில் ஒரு வெள்ளைச் சுவர். அதில் கறுப்பாக ஒரு கோடு. படுத்த கோடு; இடது கோடியில் மட்டும் ஹாக்கி மட்டை போல மேலே ஏறும். வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டால் வெளிச்சத்தின் விளிம்பு அந்தக் கோட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் முத்திரை. இல்லையென்றால் பல்பு திருத்துவார்.

இயக்குநரின் கார் விளக்கு எரிந்தது. மட்டை வலது பக்கம் ஏறியது.

“என்ன தெரியுது?” என்றார் இயக்குநர்.

“வெளிச்சம் தப்புப் பக்கம் ஏறுது சார்,” என்றார் பல்பு.

இயக்குநர் சுவரருகே போனார். கோட்டை விரலால் தடவினார். வரலாறு திரும்பியது அந்த இடத்தில்தான்.

“இந்தக் கோடு எப்ப போட்டது?”

பதிவேட்டைப் பார்த்தேன். “இருபத்திரண்டு வருஷம் ஆச்சு சார்.”

“கார் எந்த வருஷம்?”

“இந்த வருஷ மாடல் சார்.”

“அப்ப எது பழசு?”

நான் பதிவேட்டை மூடினேன்.

“நான் கேக்கறது சின்னக் கேள்வி. புதுசா வந்த வெளக்கு, பழைய கோட்டுக்குப் பொருந்தல. பழுது எதுல?”

“சார், வெளக்கத்தான்…” என்று ஆரம்பித்தார் பல்பு.

“உங்களக் கேக்கல. அம்மா சொல்லட்டும்.”

அப்போது என் பதவியின் முழுப் பெயர் ‘தலைமை எழுத்தர் (பொறுப்பு)’. பதினொரு வருடமாக அந்த அடைப்புக்குறிக்குள் இருந்தேன். நிரந்தரமாக்கும் கோப்பு மூன்று மாதமாக இயக்குநரின் மேசையில், கண்ணாடிக் குண்டுக்குக் கீழே இருந்தது. அவர் கண்ணாடிக் குண்டை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“கோட்டுலதான் சார்,” என்றேன்.

அன்று மாலைக்குள் குறிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த வாக்கியம் அதில் இருக்கிறது: ‘சுவரிலுள்ள கோடு காலாவதியாகிவிட்டபடியால், நடப்பு வெளிச்சத்துக்கு ஏற்ப அதைப் புதுப்பித்தல் அவசியமாகிறது.’ இயக்குநர் இரண்டு முறை படித்தார். ‘நடப்பு வெளிச்சம்’ என்ற சொற்களின் கீழே கோடு போட்டார். பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினார். அந்த வாரமே என் பதவியிலிருந்து ‘பொறுப்பு’ நீக்கப்பட்டது.

பெயிண்டர் வந்து பழைய கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார். புதிய கோட்டுக்கு நூல் பிடிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பல்பு, கையில் வலி என்றார். ஒரு முனையைப் பெயிண்டர் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். மட்டை வலது பக்கம் ஏறியது. இயக்குநரின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கை தட்டினோம்.

அதற்கடுத்த வாரம் தகுதிச் சான்றுக்கு இருநூற்று நாற்பத்தொரு வண்டிகள் வந்தன. ஒன்று விடாமல் தோற்றன.

இயக்குநர் பட்டியலைப் பார்த்துத் திகைத்துப்போய்விட்டார். “பாத்தீங்களா? இத்தனை வருஷமா எத்தனை வண்டி தப்பான வெளக்கோட ஓடியிருக்கு! நாம மட்டும் இந்தக் கோட்ட மாத்தலன்னா?”

நினைக்கவே நடுக்கமாக இருந்தது.

உத்தரவு பிறந்தது. எல்லா வண்டிகளும் விளக்கைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதாவது, ஊரில் ஒரே ஒரு வண்டி எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்த ‘பாரபட்சமான’ நிலை ஒழிந்து, எல்லோரும் எல்லோர் கண்ணிலும் அடிக்கும் சமத்துவம் மலர்ந்தது. கண் கூசுவதாக வந்த மனுக்களுக்கு ஒரே பதிலை அச்சடித்து வைத்தோம்: ‘எதிரே வரும் வெளிச்சம் கூசுமாயின், எதிரே செல்வதைத் தவிர்க்கவும்.’

அண்ணனின் முறையும் வந்தது. கவுண்டரில் நான் இருந்தேன்.

“அடுத்தது யாரு?”

“நான்தான். வீட்டுல பாத்திருப்பீங்க.”

“அண்ணே, வரிசையில வந்தா சும்மா வேண்டாதது பேசக் கூடாது.”

“சரி, வேண்டியதப் பேசறேன். பதினெட்டு வருஷமா இந்தச் சுவத்துல ஒரே தடவையில பாஸான வண்டி. இப்ப பெயிலாம்.”

“சுவர் அதேதான். கோடு புதுசு.”

“பல்பு சொன்னாரு. நான் இப்ப எதிர வர்றவன் கண்ணுல அடிக்கணும். அடிச்சாத்தான் சர்டிபிகேட்டு.”

“எல்லாரும் அப்படித்தான் திருப்பியிருக்காங்க அண்ணே.”

“எதிர வர்றது சைக்கிள்காரனா இருப்பான். நர்ஸம்மாவா இருப்பாங்க.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு முத்திரைதானே? நீ குத்திட்டா ஆச்சு. என் வெளக்கு பாட்டுக்கு நேரா இருந்துட்டுப் போகட்டும்.”

“கோடு எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணே.”

“எல்லாருக்குமா?”

பின்னால் நின்ற லாரிக்காரர் இருமினார். நான் முத்திரையை மையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். சான்று இல்லாத வண்டியை மருத்துவமனை வாசலில் உள்ளே விட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“திருப்பச் சொல்லு,” என்றார்.

பல்பு வேனின் முன்னால் மண்டியிட்டு, விளக்கைக் கழற்றி, பல்பைப் பிடியில் திருப்பி வைத்தார். “மன்னிச்சுக்கங்கண்ணே. நேராக்கித்தான் பழக்கம். கோணலாக்க நேரமாகுது,” என்றார்.

வேன் பொருந்தியது. முத்திரை குத்தினேன்.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். எதிரே யாராவது வந்தால் விளக்கை அணைத்துவிடுவார். அவர் கடந்து போனதும் போட்டுக்கொள்வார். கால்வாய்ச் சாலையில் போட்டு அணைத்து, போட்டு அணைத்து வருவதைப் பார்த்தவர்கள் மின்மினி வேன் என்றார்களாம்.

“ஏங்க, நீங்க அணைக்கறீங்க. அவங்க அணைக்கறாங்களா?” என்றார் அண்ணி.

“அவங்களுக்கு வெளக்கு சரியா இருக்கும்மா. சர்டிபிகேட்டு இருக்கு.”

“உங்களுக்கும்தானே இருக்கு?”

“இருக்கு. அதான் அணைக்கறேன். இப்பல்லாம் கால்வாய்க்கு நாலு விரல்தான் இருக்கு.”

இதைச் சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு விரலும் ஒரு வியாழக்கிழமை தீர்ந்தது. எதிரே கார் வருவதைக் கண்டு அண்ணன் வழக்கம்போல் விளக்கை அணைத்தார். கார் வழக்கம்போல் அணைக்கவில்லை. வேன் சாலையோரக் கல்லில் மோதி, கண்ணாடி உடைந்து, கால்வாய்ச் சரிவில் சாய்ந்தது. பின்கதவு திறந்து, துவைத்து மடித்த நூற்றிருபது விரிப்புகளும் தண்ணீரில் இறங்கின.

விசாரணையில் இயக்குநர் மனம் திறந்து சாட்சி சொன்னார். நான்தான் பதிவு செய்தேன்.

“ஏதாவது சத்தம் கேட்டதா?”

“பாட்டு போட்டிருந்தேன்.”

“எதையாவது பார்த்தீர்களா?”

“தண்ணில வெள்ளையா நெறைய மிதந்துச்சு. வாத்துன்னு நெனச்சேன்.”

விசாரணை முடிவு மூன்று பகுதிகள் கொண்டது. இயக்குநரின் காரில் விளக்கு கோட்டோடு பொருந்துகிறது, குற்றமில்லை. வேனின் விளக்கும் கோட்டோடு பொருந்துகிறது; அதற்கான சான்றில் தலைமை எழுத்தரின் முத்திரை உள்ளது; குற்றமில்லை. ஆனால் ஓட்டுநர், எதிரே வருபவரின் கண் கூசாதிருக்கும் பொருட்டு, யாரையும் கேட்காமல் விளக்கை அணைத்திருக்கிறார். இது ‘அனுமதி பெறாத மரியாதை’. விபத்துக்கு இதுவே காரணம்.

கண்ணாடித் துண்டு அண்ணனின் வலது கண்ணில் இறங்கியிருந்தது. இனி அந்தக் கண் பகல் எது, இருட்டு எது என்று மட்டும் சொல்லும் என்றார் டாக்டர். ஒரு கண் உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது என்பது விதி. ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யும் கடிதம் எங்கள் நிலையத்திலிருந்துதான் போக வேண்டும். போயிற்று. தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை. வேன் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. அண்ணி அதன்மேல் துணி காயப் போடுகிறார். என்னோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறார்.

போன வாரம் இயக்குநர் கூப்பிட்டார்.

“மலருக்கு ஒரு போட்டோ வேணும்மா. இந்தத் திட்டத்தால பயனடைஞ்சவர் யாராச்சும் ஒருத்தர். கெடைப்பாங்களா?”

“கெடைப்பாங்க சார்.”

மாலையில் மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப் பிரிக்கும் நாள். என் பின்னாலேயே பல்புவும் வந்து வாசலில் நின்றார். அண்ணன் படுக்கையில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நம்ம சலவை இல்ல. மடிப்பே சரியில்ல,” என்றார்.

நர்ஸ் மருந்து போட்டுவிட்டு, ஒரு கறுப்பு ஒட்டை எடுத்தார். “அசையாம இருங்கய்யா. ரெண்டு நிமிஷ வேலை.”

பல்பு திரும்பி வராந்தாவில் நடக்கத் தொடங்கினார். ஒரு கை சட்டைப் பையைப் பொத்தியிருந்தது.

நான் செல்போனை எடுத்தேன்.

“எதுக்கும்மா போட்டோ?” என்றார் அண்ணன்.

“ஆபீஸ் மலருக்குண்ணே.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். முகத்தை நேராக வைத்துக்கொண்டார். “கறுப்பு ஒட்ட எங்க ஒட்டறதுன்னு அத்தனை மீட்டிங் போட்டீங்களே. எடம் கெடைச்சுதா?”

படம் நன்றாக வந்திருக்கிறது. இந்த வரலாற்றோடு இணைத்து இன்று இயக்குநருக்கு அனுப்புகிறேன். நான்கு பக்கத்துக்குச் சற்றுக் கூடிவிட்டது. குறைக்க வேண்டுமானால் புகழுரைகளைக் குறைக்கலாம். படத்தின் கீழே அச்சிட வேண்டிய வாசகம் மட்டும் எழுத்து மாறாமல் இருக்கட்டும்:

‘பயனாளி. ஒட்டு ஒட்டப்பட்ட இடம்: வலது கண். பரிந்துரைத்தவர்: தலைமை எழுத்தர், பயனாளியின் தங்கை. ஒப்புதல் அளித்தவர்: இயக்குநர். வேலைக்குப் பிடித்த நேரம்: இரண்டு நிமிடம்.’